எலி நேரத்தைப் பார்க்குதா, எண்ணிக்கையைப் பார்க்குதா? முதல் தடவை கண்டிஷனிங் பரிசோதனை செய்யப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சைக்காலஜியிலயோ நியூரோசயின்ஸ்லயோ பிஎச்டி சேர்ந்திருக்கீங்க, கைடு "எலிக்கு டைமிங் எக்ஸ்பெரிமென்ட் ஒண்ணு போடு"ன்னு சொல்லிட்டார், பழைய பேப்பர்கள எடுத்துப் படிச்சா மெத்தட்ஸ் பகுதி ரெண்டு பத்தியில முடிஞ்சு போகுது, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இந்த நிலைமையில இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் இந்த வேலையில இறங்கினப்ப பேப்பர்ல இல்லாத விஷயங்கள்தான் என் நேரத்துல பெரும்பகுதியை எடுத்துக்கிச்சு. யார்கிட்ட எந்த ஃபார்ம் குடுக்கணும், பெல்லட் (எலிக்குப் பரிசாக் குடுக்கிற சின்ன சாப்பாட்டு உருண்டை) எவ்வளவு வாங்கணும், எந்த டெஸ்ட்டை முதல்ல வைக்கணும், இதையெல்லாம் யாராவது வரிசையா சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். இது இந்தியாவுல இருக்கிற லேபை மனசுல வச்சு எழுதினது. இலங்கையிலயோ வேற நாட்டுலயோ இருக்கிறவங்க அனுமதி பத்தின பகுதியை மட்டும் உங்க ஊர் விதிப்படி மாத்திக்கோங்க, மத்ததெல்லாம் அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு விஷயத்தை இப்பவே மனசுல ஏத்திக்கோங்க. நேரமும் எண்ணிக்கையும் எப்பவும் சேர்ந்தேதான் வரும். எட்டு பீப் சத்தம் ரெண்டு பீப்பை விட அதிகம், கூடவே அது அதிக நேரமும் ஓடும். எலி சரியான லீவரை அமுக்கிடுச்சுன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அது எதைப் பார்த்து அமுக்குச்சுன்னு சொல்ல முடியணும். டிசைன்லயே ரெண்டையும் பிரிச்சு வைக்கலன்னா மாசக்கணக்குல எடுத்த டேட்டாவை வச்சுக்கிட்டு அந்தக் கேள்விக்கு பதில் சொல்லவே முடியாது. கீழ சொல்ற பாதி விஷயம் இதுக்காகத்தான்.

1. எந்த ப்ரொசீஜர்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மூணு வழி இருக்கு.

முதலாவது பைசெக்‌ஷன். ஒரு சத்தம் 2 செகண்ட் ஓடினா இடது லீவர், 8 செகண்ட் ஓடினா வலது லீவர்னு கத்துக்குடுத்துட்டு, அப்புறம் நடுவுல இருக்கிற நேரங்கள குடுத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கிறது. சர்ச், டெலுட்டின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1977-ல எலிகளுக்குச் செஞ்சது இதுதான். 2-க்கும் 8-க்கும் நடுவுல எலிக்கு "பாதி" எதுன்னா 5 கிடையாது, 4. அதாவது பெருக்கல் சராசரி, 2-ஐ 8-ஆல பெருக்கி வர்ற 16-க்கு வர்க்கமூலம்.

ரெண்டாவது பீக் ப்ரொசீஜர். வெளிச்சமோ சத்தமோ ஆரம்பிச்சு 30 செகண்டுக்கு அப்புறம் அமுக்கினா சாப்பாடு வரும்னு பழக்கிட்டு, நடுநடுவுல சாப்பாடே வராத நீளமான ட்ரையல் (எலிக்குக் குடுக்கிற ஒரு தடவை வாய்ப்பு) வைக்கிறது. எலி அமுக்குற வேகம் 30 செகண்ட் பக்கத்துல உச்சத்துக்குப் போய் இறங்கும். டேட்டா அழகா வரும், ஆனா இது நேரத்துக்கு மட்டும்தான்.

மூணாவது எண்ணி அமுக்குறது. மெக்னர்ங்கிற ஆய்வாளர் 1958-ல செஞ்சது. முதல் லீவரை 4, 8, 12 இல்லன்னா 16 தடவை அமுக்கிட்டு அப்புறம் ரெண்டாவது லீவருக்குப் போனா சாப்பாடு, சீக்கிரம் போயிட்டா கிடையாது. இங்கயும் அந்தச் சிக்கல் இருக்கு, நிறைய தடவை அமுக்க நிறைய நேரம் ஆகும். 1962-ல மெக்னரும் குவ்ரெக்கியனும் எலிகளோட பசியை மாத்திப் பார்த்தாங்க, பசி அதிகமானா எலி வேகமா அமுக்குச்சு, ஆனா எத்தனை தடவைங்கிறது பெருசா மாறல. நேரத்தை மட்டும் எண்ணியிருந்தா எண்ணிக்கை கூடியிருக்கணும். ஒரே ஒரு விஷயத்தை மாத்தி ரெண்டையும் பிரிச்ச விதம் எனக்கு இன்னைக்கும் ரொம்பப் பிடிக்கும்.

புதுசா வர்றவங்களுக்கு நான் பைசெக்‌ஷனைத்தான் சொல்லுவேன். ட்ரெய்னிங் நேரா இருக்கும், ஒரே பெட்டியில ஒரே எலிக்கு நேரம் எண்ணிக்கை ரெண்டையும் டெஸ்ட் பண்ணலாம், அனாலிஸிஸும் கைக்குள்ள அடங்கும். இனிமே சொல்றதெல்லாம் அதுக்குத்தான்.

2. அனுமதி வாங்குறது

பெட்டி வாங்குறதுக்கும் முன்னாடி இதை ஆரம்பிங்க, ஏன்னா எல்லாத்தையும் விட இதுதான் இழுக்கும், இதை வேகப்படுத்த உங்களால பெருசா ஒண்ணும் செய்யவும் முடியாது.

உங்க நிறுவனம் சிசிஎஸ்இஏ-ல, அதாவது விலங்குப் பரிசோதனைகளக் கண்காணிக்கிற மத்திய அரசுக் குழுவுல, பதிவு ஆகியிருக்கணும் (முன்னாடி சிபிசிஎஸ்இஏன்னு சொல்லுவாங்க, பழைய ஃபார்ம்கள்ல அந்தப் பேர்தான் இருக்கும்). பதிவு இன்னும் செல்லுபடியாகுதா, புதுப்பிக்கணுமான்னு அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர்கிட்ட முதல் நாளே கேளுங்க. அப்புறம் நிறுவனத்துக்குள்ள இருக்கிற ஐஏஇசி, அதாவது விலங்கு நெறிமுறைக் குழு. அதுல கால்நடை மருத்துவர் இருப்பார், வெளி ஆட்கள் இருப்பாங்க, சிசிஎஸ்இஏ அனுப்புற நாமினியும் இருப்பார். எலி மாதிரி சின்ன விலங்குக்கு இந்தக் குழுவோட அனுமதி போதும். விண்ணப்பம் ஃபார்ம் பி.

ஃபார்ம் பி-ல திருப்பி அனுப்பப்படுற இடங்கள்:

எத்தனை எலி, ஏன் அத்தனை. "முந்தைய ஆய்வுகள்ல இப்படித்தான்"னு ஒரு வரி எழுதினா கேள்வி வரும். ஒவ்வொரு எலியும் நூத்துக்கணக்கான ட்ரையல் செய்யும், ஒவ்வொண்ணையும் அதோட ஒப்பிட்டுப் பார்க்குற டிசைன் இது, அதனால ஒரு குழுவுக்கு 8 எலி மாதிரி போதும்னு காரணத்தோட எழுதுங்க. குறைச்சுக் கேக்குறது உங்களுக்கும் நல்லது, தினமும் அதுகளப் பார்த்துக்கப் போறது நீங்கதான்.

சாப்பாட்டைக் குறைக்கிறது. இது பலருக்கு சிக்கலாகுற இடம். எடையை எந்த அளவுக்குக் குறைப்பீங்க, தினமும் எப்ப எடை பார்ப்பீங்க, எந்த எடைக்குக் கீழ போனா எலியைப் பரிசோதனையிலருந்து எடுத்துட்டு முழு சாப்பாடு போடுவீங்க, தண்ணி எப்பவும் இருக்குமா, இத்தனையும் எண்ணோட எழுதணும். குழுவுல இருக்கிற கால்நடை மருத்துவரை மீட்டிங்குக்கு முன்னாடியே ஒரு தடவை போய்ப் பாருங்க. அவர் சொல்ற திருத்தத்தை முதல்லயே சேர்த்துட்டா ஒரு மீட்டிங் மிச்சம்.

முடிஞ்சப்புறம் எலிகளுக்கு என்ன ஆகும். அதையும் கேப்பாங்க, யோசிச்சு நேர்மையா எழுதுங்க.

ஐஏஇசி மாசா மாசம் கூடாது, பல இடத்துல சில மாசத்துக்கு ஒரு தடவைதான். ஒரு மீட்டிங் தவறினா அடுத்ததுக்குக் காத்திருக்கணும், திருத்தம் சொன்னா திரும்பவும் காத்திருப்பு. மூணுலருந்து ஆறு மாசம் இதுக்கே ஒதுக்கிடுங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட், மொத்தமே ஆறு மாசம்தான்னா புதுசா எலிப் பரிசோதனை ஆரம்பிக்காதீங்க, ஏற்கனவே அனுமதி வாங்கி ஓடிக்கிட்டிருக்கிற லேப்ல சேர்ந்துக்கோங்க, இல்லன்னா மனுஷங்களுக்கு இதே பைசெக்‌ஷனை கம்ப்யூட்டர்ல வைங்க (அதுக்கு மனித நெறிமுறைக் குழு தனி).

எலியைப் பதிவு பண்ணின ப்ரீடர்கிட்டதான் வாங்கணும், பில்லைப் பத்திரமா வைங்க. பரிசோதனை நடக்குறப்ப ஃபார்ம் டி பதிவேட்டை அன்னன்னைக்கு எழுதுங்க. மொத்தமா கடைசியில எழுதிக்கலாம்னு விட்டா தேதி எதுவும் ஒத்துவராது.

இன்னொரு எச்சரிக்கை. மெக்குங்கிறவரும் மேல சொன்ன சர்ச்சும் 1983-ல எலிகளுக்கு மெத்தாம்ஃபெட்டமின்ங்கிற ஊக்க மருந்தைக் குடுத்துப் பார்த்தாங்க, நேரத்துக்கான வளைவும் எண்ணிக்கைக்கான வளைவும் (எவ்வளவு நேரத்துக்கு, எத்தனை எண்ணிக்கைக்கு எலி "அதிகம்" லீவரை எத்தனை சதவீதம் அமுக்குதுங்கிற கோடு) ரெண்டுமே ஏறக்குறைய 10 சதவீதம் இடது பக்கம் நகர்ந்துச்சு, ரெண்டுக்கும் பின்னாடி ஒரே மெக்கானிசம்தான் வேலை செய்யுதுன்னு அவங்க வாதாடுனதுக்கு இது பெரிய ஆதாரம். படிச்ச உடனே நாமளும் செஞ்சு பார்க்கலாம்னு ஆசை வரும். அந்த மருந்து 1985 என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ள (போதைப்பொருள் சட்டம்) வர்றது, அனுமதி தனி உலகம். முதல் பரிசோதனையில மருந்து வேண்டாம்.

3. பெட்டியும் செலவும்

ஸ்கின்னர் பாக்ஸ்ல, அதாவது எலி லீவரை அமுக்கி சாப்பாடு வாங்குற பரிசோதனைப் பெட்டியில, உங்களுக்குக் கண்டிப்பா வேணுங்கிறது: உள்ள போய் வெளிய வர்ற ரெண்டு லீவர், நடுவுல சாப்பாட்டுத் தட்டு, அதுல எலி தலையை விட்டா தெரியுற இன்ஃப்ராரெட் பீம், பெல்லட் டிஸ்பென்சர், ஸ்பீக்கர், ஒரு சின்ன விளக்கு, சுத்தி சத்தம் வராத வெளிப்பெட்டி, அதுல ஃபேன். ஃபேன் காத்துக்கு மட்டும் இல்ல, வெளிச் சத்தத்தை மறைக்கவும்தான், அதனால எல்லாப் பெட்டியிலயும் ஒரே மாதிரி ஓடணும்.

வெளிநாட்டுலருந்து முழு செட்டா வாங்கினா ஒரு பெட்டிக்கே லட்சக்கணக்குல போகும், மேல கஸ்டம்ஸ், ஃப்ரெய்ட், பர்ச்சேஸ் கமிட்டி, கொட்டேஷன், இதெல்லாம் சேர்ந்து மாசக்கணக்குல இழுக்கும். கிராண்ட்ல காசு இல்லன்னா உள்ளூர்ல அக்ரிலிக் வெட்டி, ஆர்டுயினோ வச்சு செய்யுறவங்க இருக்காங்க, போர்டு ஒண்ணு ஆயிரம் ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். உள்ள போய் வர்ற லீவரைச் செய்யுறதுதான் கஷ்டம். அது முடியலன்னா லீவருக்குப் பதிலா மூக்கை நுழைக்கிற ரெண்டு ஓட்டை வச்சு, உள்ள விளக்கு எரிஞ்சாதான் கணக்குன்னு பழக்கலாம், நல்லாவே வேலை செய்யும்.

எப்படிச் செஞ்சாலும் ஒரு விஷயத்துல சமரசம் வேண்டாம். ஒவ்வொரு சம்பவத்தையும், சத்தம் ஆரம்பிச்சது, நின்னது, லீவர் வெளிய வந்தது, அமுக்குனது, பெல்லட் விழுந்தது, தலை விட்டது, எல்லாத்தையும் மில்லிசெகண்ட் நேரத்தோட ஃபைல்ல எழுத வைங்க. "சரி 41, தப்பு 9"ன்னு சுருக்கம் மட்டும் சேமிக்கிற ப்ரோக்ராம் இருந்தா மாத்துங்க. பின்னாடி வர்ற பாதி கேள்விக்கு அந்த நேர வரிசைதான் பதில் சொல்லும்.

பெல்லட் கணக்கு போட்டுக்காட்டுறேன், ஏன்னா இதை யாரும் முன்கூட்டி போடுறதில்ல. எலிக்கு வழக்கமா 45 மில்லிகிராம் பெல்லட். 8 எலி, ஒவ்வொண்ணுக்கும் நாளுக்கு 80 பெல்லட், 60 நாள்னா 38,400 பெல்லட், எடை கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் கிலோ. சிந்துறது, மாட்டிக்கிட்டு நொறுங்குறது எல்லாம் சேர்த்து ரெண்டரை கிலோவா வாங்குங்க. பாதியில தீர்ந்துபோய் வேற கம்பெனி பெல்லட்டுக்கு மாறினா ருசி மாறும், எலி ரெண்டு மூணு நாள் சரியா வேலை செய்யாது.

சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஈரப்பதம் பெல்லட்டை ஒட்ட வைக்கும். டிஸ்பென்சர் தட்டு சுத்தும், "டக்"ன்னு சத்தம் வரும், பெல்லட் விழாது. கம்ப்யூட்டர் ஃபைல்ல பரிசு குடுத்ததா பதிவாகியிருக்கும், எலி தட்டுல மூக்கை விட்டு நக்கிப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லாம திரும்பியிருக்கும், சரியா அமுக்குனதுக்கு ஒண்ணும் கிடைக்கலன்னு அது கத்துக்கும். டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைங்க, அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்க, செஷன் முடிஞ்சதும் மிச்சத்தை எண்ணி ஃபைல்ல இருக்கிற எண்ணோட ஒப்பிடுங்க. ஒரு நிமிஷ வேலை. யுபிஎஸ் கண்டிப்பா வேணும், கரண்ட் போனா செஷன் பாதியில நின்னு அன்னைக்கு டேட்டா முழுசும் போயிடும்.

4. எலியைப் பழக்குறது

விஸ்டார் இல்லன்னா ஸ்ப்ரேக் டாலி ரகம்தான் இங்க சுலபமா கிடைக்கும். ரெண்டும் வெள்ளை எலி, பார்வை மோசம், அதனால சிக்னலா வெளிச்சத்தை விட சத்தத்தை, முக்கியமா வைட் நாய்ஸை ("ஸ்ஸ்"ன்னு ஒரே சீரா வர்ற இரைச்சல்) வைங்க.

வந்ததும் ஒரு வாரம் சும்மா விடுங்க, தினமும் கையில எடுங்க. எலி உங்க கையில நடுங்காம உக்காருற வரைக்கும் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. பயந்த எலி லீவரைப் பார்க்காது, மூலையில உறைஞ்சு உக்காந்துடும். இந்த வாரத்துல சாப்பாடு தாராளமா போட்டு தினமும் எடை எடுங்க, அதுதான் அடிப்படை எடை. அப்புறம் மெதுவா 85 சதவீதத்துக்குக் கொண்டு வரணும், 300 கிராம் எலின்னா 255. வளர்ற வயசு எலியா இருந்தா அந்த 300-ஐயே மாசக்கணக்குல பிடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது, அந்த ரகத்தோட வளர்ச்சி அட்டவணையைப் பார்த்து அடிப்படை எடையையும் வாராவாரம் ஏத்தணும். இல்லன்னா நீங்க 85-ன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறது உண்மையில அதை விட ரொம்பக் கீழ போயிருக்கும், அது எலிக்கு அநியாயம், டேட்டாவுக்கும் கெடுதல்.

தினமும் ஒரே நேரத்துல செஷன் வைங்க. எலி ராத்திரி ஜீவன், முடிஞ்சா ரூம் லைட்டைத் தலைகீழாக்கி அதோட இருட்டு நேரத்துல வேலை செய்யுங்க. மிச்ச சாப்பாட்டை செஷன் முடிஞ்ச உடனே கூண்டுல போடாதீங்க, அரை மணி நேரம் கழிச்சுப் போடுங்க, இல்லன்னா வெளிய போனா சாப்பாடுன்னு காத்திருக்கும்.

லீவு நாள் விஷயத்தை முதல்லயே பேசி வைங்க. பொங்கலோ தீபாவளியோ, எடை எடுத்து சாப்பாடு போட ஒரு ஆள் தினமும் வேணும். அனிமல் ஹவுஸ் ஊழியர் பழக்கத்துல கூண்டு நிறைய சாப்பாடு போட்டுட்டுப் போயிட்டா, எலி பழைய எடைக்குத் திரும்ப சில நாள் ஆகும். கூண்டு மேல பெரிய எழுத்துல தமிழ்ல "இந்த எலிக்கு அளவு சாப்பாடு, இத்தனை கிராம்"னு அட்டை மாட்டுங்க.

5. லீவர் பழக்குறது

முதல் ஒண்ணு ரெண்டு நாள் லீவரே வேண்டாம், சராசரியா ஒரு நிமிஷத்துக்கு ஒரு பெல்லட் விழட்டும், டிஸ்பென்சர் சத்தம் கேட்டதும் தட்டுக்கு ஓடுற அளவுக்கு. அப்புறம் ஒரு அமுக்கலுக்கு ஒரு பெல்லட், ஒரு நாள் இடது லீவர், மறுநாள் வலது. ரெண்டுலயும் சமமா, ஐம்பது அறுபது அமுக்கல் வரணும். ஒரு வாரத்துக்குள்ள பெரும்பாலான எலி வந்துடும். வராத எலியைப் பக்கத்துல உக்காந்து கையால ஷேப் பண்ணுங்க, லீவர் பக்கம் திரும்பினா ஒண்ணு, கிட்ட போனா ஒண்ணு, தொட்டா ஒண்ணு.

6. 2-க்கும் 8-க்கும் வித்தியாசம் கத்துக்குடுக்கிறது

இதுதான் மையம், நிதானமா படிங்க.

வைட் நாய்ஸை விட்டு விட்டு குடுங்க, அரை செகண்ட் ஆன், அரை செகண்ட் ஆஃப். "குறைவு" ட்ரையல்ல ரெண்டு துண்டு, மொத்தம் 2 செகண்ட். "அதிகம்" ட்ரையல்ல எட்டு துண்டு, மொத்தம் 8 செகண்ட். மெக்கும் சர்ச்சும் 1983-ல பயன்படுத்துனது இந்த அமைப்புதான். முடிஞ்சதும் ரெண்டு லீவரும் ஒரே சமயத்துல வெளிய வரணும். சரியானதை அமுக்கினா பெல்லட், தப்புன்னா லீவர் உள்ள போயிடும், அவ்வளவுதான். அடுத்த ட்ரையலுக்கு இடைவெளி சராசரி 30 செகண்ட், ஆனா ஒவ்வொரு தடவையும் மாறணும். ஒரு ட்ரையல் 40 செகண்ட்னா ஒரு மணி நேரத்துல 90 ட்ரையல். நாலு பெட்டி, எட்டு எலின்னா ரெண்டு பேட்ச், கழுவித் துடைக்கிறது எடை எடுக்கிறது எல்லாம் சேர்த்து நாளுக்கு மூணு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை உட்பட.

ட்ரெய்னிங்ல நேரமும் எண்ணிக்கையும் வேணும்னேதான் ஒட்டி வச்சிருக்கோம். எலி எதை வேணா பிடிச்சுக்கலாம், பிரிக்கிறது டெஸ்ட்ல. ஆனா வேகத்தை, அதாவது செகண்டுக்கு எத்தனை துண்டுங்கிறதை, ரெண்டு பக்கமும் ஒண்ணாவே வச்சிருக்கோம்னு கவனிச்சீங்களா? செகண்டுக்கு ஒண்ணு. அதனால வேகத்தை வச்சு எந்த லீவரையும் கத்துக்க வழியில்ல. இதை மாத்திட்டா, உதாரணமா எட்டு துண்டை 4 செகண்ட்ல அடைச்சா, எலி வேகத்தை மட்டும் பார்த்தே நூத்துக்கு நூறு வாங்கிடும்.

இங்க மாட்டிக்கிற இடங்கள் சில.

பாதி எலிக்கு இடது லீவர் குறைவு, மீதி பாதிக்கு வலது லீவர் குறைவுன்னு மாத்தி வைங்க. எல்லா எலிக்கும் ஒரே மாதிரி வச்சா பெட்டியோட கோணலையும் எலியோட அறிவையும் பிரிக்க முடியாது.

சதவீதத்தை மொத்தமா பார்க்காதீங்க. 75 சதவீதம் சரின்னு ஸ்க்ரீன்ல பார்த்தா நல்லா முன்னேறுதேன்னு தோணும். பிரிச்சுப் பார்த்தா "அதிகம்" ட்ரையல்ல 100, "குறைவு" ட்ரையல்ல 50. அந்த எலிக்கு ஒரு லீவர் மேல சாய்வு இருக்கு, அதை வேறுபாடு கத்துக்கிட்டதுன்னு எடுத்துக்க முடியாது. ரெண்டு வகையிலயும் தனித்தனியா 85-க்கு மேல, தொடர்ந்து சில நாள் வரணும். சாய்வு இருந்தா தப்பு செஞ்ச ட்ரையலையே திரும்பக் குடுக்கிற கரெக்‌ஷன் ட்ரையல் போடுங்க, சரியானதும் எடுத்துடுங்க, அந்த ட்ரையல்கள கணக்குல சேர்க்காதீங்க.

ஒரே வகை தொடர்ந்து மூணு தடவைக்கு மேல வரக்கூடாது, அதே சமயம் மாத்தி மாத்தி ஒழுங்கா வந்தாலும் எலி அந்த ஒழுங்கைக் கத்துக்கும்.

எலி உடம்பால நேரத்தை அளக்குறதும் உண்டு, சத்தம் ஆரம்பிச்சதும் "குறைவு" லீவர் வர்ற இடத்துல போய் நிக்கும், சத்தம் நீண்டுகிட்டே போனா மெதுவா அடுத்த பக்கம் நகரும். மேல ஒரு கேமரா வச்சா கண்ணால பார்க்கலாம். இதைத் தடுக்க வேண்டாம், பதிவு பண்ணி வைங்க. இந்த நடத்தையையே கடிகாரமா எடுத்துக்கிற கொள்கையை கில்லீனும் ஃபெட்டர்மேனும் 1988-ல முன்வச்சாங்க, உங்க தீசிஸ்ல நிச்சயமா ஒருத்தர் கேப்பார்.

நாலு வாரத்துலருந்து ஆறு வாரம் ஆகும்னு வச்சுக்கோங்க. ஒரு எலி மட்டும் பின்தங்கினா அதுக்காக மத்ததை நிறுத்தாதீங்க, அதைத் தனியா தொடருங்க. எந்த நிலையில ஒரு எலியை விலக்குவீங்கன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க.

7. பிரிக்கிற டெஸ்ட்

நேர டெஸ்ட்டுல எண்ணிக்கை எப்பவும் நாலு துண்டு, மொத்த நேரம் மட்டும் 2, 2.5, 3.2, 4, 5, 6.3, 8 செகண்ட். இடைவெளி ஏன் இப்படின்னா ஒவ்வொண்ணும் முந்தினதை விட ஒரே விகிதத்துல கூடுது. 2, 3, 4, 5ன்னு சமமா கூட்டினா கீழ் முனையில புள்ளி கம்மியாகி வளைவு சரியா வராது.

எண்ணிக்கை டெஸ்ட்டுல மொத்த நேரம் எப்பவும் 4 செகண்ட், துண்டு மட்டும் 2, 3, 4, 5, 6, 8. ரெண்டு துண்டுன்னா ஒரு செகண்ட் ஆன் ஒரு செகண்ட் ஆஃப், எட்டுன்னா கால் செகண்ட் கால் செகண்ட்.

இப்ப ஒரு நிமிஷம் உக்காந்து யோசிங்க. எண்ணிக்கை டெஸ்ட்ல மொத்தமா சத்தம் கேட்ட நேரம் எப்பவும் 2 செகண்ட்தான், பாதி ஆன் பாதி ஆஃப்ங்கிறதால. அதனால எலி எண்ணிக்கைப்படி மாறினா அதுக்குக் காரணம் நேரமும் இல்ல, சத்தத்தோட அளவும் இல்ல. நல்லது. ஆனா நேர டெஸ்ட்ல சத்தம் கேட்ட நேரமும் சேர்ந்து நீளுது, 2 செகண்ட் ட்ரையல்ல 1, 8 செகண்ட் ட்ரையல்ல 4. எலி முதல்லருந்து கடைசி வரைக்கும் அளக்குதா, சத்தம் இருந்த நேரத்தை மட்டும் கூட்டுதான்னு இந்த டெஸ்ட் சொல்லாது. அதுவும் தெரியணும்னா ஆன் நேரத்தை மாத்தாம ஆஃபை மட்டும் நீட்டி தனியா ஒரு டெஸ்ட் வைக்கணும்.

இன்னொரு நுணுக்கம். கடைசி ஆஃப் இடைவெளியை எலி கணக்குல எடுக்குமா? 4 செகண்ட்ல ரெண்டு துண்டு குடுத்தா கடைசி சத்தம் 3-வது செகண்ட்லயே நின்னுடும், எட்டு துண்டுன்னா 3.75-ல. இந்த முக்கால் செகண்ட் வித்தியாசம் மட்டுமே வளைவைக் குடுத்திருக்குமான்னு கேள்வி வரும். பதில் உங்க கையிலயே இருக்கு, நேர வளைவுல 3-க்கும் 3.75-க்கும் நடுவுல எவ்வளவு மாறுதுன்னு பாருங்க. எண்ணிக்கை வளைவு அதை விட ரொம்ப அதிகமா ஏறினா எண்ணிக்கைக்கு ஆதாரம் இருக்கு.

எதிர்பார்க்க வேண்டியது இதுதான். எலி நேரத்தை மட்டும் பார்த்தா எண்ணிக்கை டெஸ்ட்ல கோடு தட்டையா, 4 செகண்டுக்குரிய பாதி அளவுலயே நிக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தா நேர டெஸ்ட் தட்டை. ரெண்டையும் பார்த்தா ரெண்டுலயும் எஸ் மாதிரி வளைவு வரும், நடு 4 பக்கத்துல. மெக்குக்கும் சர்ச்சுக்கும் ரெண்டுலயும் வந்துச்சு. உங்களுக்குத் தட்டையா வந்தாலும் அது முடிவுதான். நேரம் இருக்கிறப்ப விலங்கு எண்ணிக்கையைக் கடைசி வழியாத்தான் எடுக்கும்னு ஒரு பக்கமும், சுலபமாவே எடுக்கும்னு இன்னொரு பக்கமும் ரொம்ப நாள் வாதம் நடந்திருக்கு, உங்க தட்டைக் கோடும் அதுல ஒரு சாட்சி.

டெஸ்ட் ட்ரையலுக்குப் பரிசு கிடையாது, எதை அமுக்கினாலும். பரிசு குடுத்தா அந்த நடு நேரத்தையே புதுசா கத்துக்கும். அதுக்காக பரிசில்லாத ட்ரையல் அதிகமானா எலி மொத்தமா ஆர்வம் இழக்கும், நாலுல ஒண்ணுக்கு மேல போகாதீங்க, மீதி பழைய 2, 8 ட்ரையல். ஒரு நாள் டெஸ்ட், மறுநாள் வெறும் ட்ரெய்னிங். பாதி எலிக்கு நேர டெஸ்ட் முதல்ல, மீதிக்கு எண்ணிக்கை டெஸ்ட் முதல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் குறைஞ்சது இருபது முப்பது ட்ரையல் சேரணும், மூணுலருந்து அஞ்சு வாரம் ஆகும்.

8. டேட்டாவைப் பார்க்கிறது

ஆர் இல்லன்னா பைத்தான் போதும், ரெண்டும் இலவசம். ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியா, ஒவ்வொரு புள்ளியிலயும் "அதிகம்" லீவர் எத்தனை சதவீதம்னு போட்டு, லாஜிஸ்டிக் வளைவு (எஸ் வடிவக் கோட்டுக்கான சூத்திரம்) பொருத்துங்க. 50 சதவீதத்தைத் தொடுற இடம் பைசெக்‌ஷன் புள்ளி. 25 சதவீதத்துலருந்து 75 சதவீதம் வரைக்கும் உள்ள தூரத்துல பாதி வேறுபாட்டு எல்லை, அதாவது எலிக்கு வித்தியாசம் தெரியுற அளவு. அதை பைசெக்‌ஷன் புள்ளியால வகுத்தா வெபர் விகிதம், அது சின்னதா இருந்தா எலி நுணுக்கமாப் பிரிக்குதுன்னு அர்த்தம்.

எல்லா எலியையும் சராசரி எடுத்துட்டு ஒரே வளைவு பொருத்தாதீங்க. ஒரு எலிக்கு நடு 3.5, இன்னொண்ணுக்கு 4.5னா சராசரி வளைவு ரெண்டை விடவும் படுத்துத் தெரியும், எலிகளுக்கு நுணுக்கம் கம்மின்னு தப்பா எழுதிடுவீங்க. வளைவு 0-வையும் 100-ஐயும் தொடாம 8-லயும் 92-லயும் நின்னா கவனக்குறைவுக்கு ஒரு பாராமீட்டர் சேருங்க, இல்லன்னா சரிவு தப்பா வரும்.

நேரம் இருந்தா அதே எலிகளை 4-க்கும் 16-க்கும் திரும்பப் பழக்கி டெஸ்ட் பண்ணுங்க. நடு 8-ல வரணும். ரெண்டு வளைவையும் அதது நடுப்புள்ளியால வகுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டா கிட்டத்தட்ட படியணும். நேரம் ரெண்டு மடங்கானா தடுமாற்றமும் ரெண்டு மடங்காகுதுங்கிற இந்தக் குணத்தைச் சுத்திதான் கிப்பன் 1977-ல தன்னோட ஸ்கேலர் கொள்கையைக் கட்டினார். முதல் தடவை என் ஸ்க்ரீன்ல அந்த ரெண்டு கோடும் படிஞ்சதைப் பார்த்தப்ப அவ்வளவு மாச உழைப்பும் வீண் போகலன்னு இருந்துச்சு. இதுக்கு இன்னும் ரெண்டு மாசம் சேர்த்துக்கணும், ஃபார்ம் பி-லயே முதல்லயே எழுதியிருக்கணும், பின்னாடி சேர்க்கணும்னா திருத்த விண்ணப்பம், திரும்பவும் மீட்டிங்.

9. மொத்த கால அட்டவணை

அனுமதி மூணுலருந்து ஆறு மாசம். அந்த நேரத்துலயே பெட்டி ஆர்டர், ப்ரோக்ராம், எலி இல்லாம கையால லீவரை அமுக்கிப் பார்க்கிற சோதனை எல்லாம் முடிச்சுடுங்க. சத்தம் உண்மையிலயே 2 செகண்ட்தான் ஓடுதான்னு ஒரு மைக் வச்சு ரெக்கார்ட் பண்ணி அளந்து பாருங்க, ஸ்பீக்கர் தாமதம் பல பெட்டியில இருக்கும். அப்புறம் எலி வந்து பழக ரெண்டு வாரம், லீவர் ஒரு வாரம், ட்ரெய்னிங் நாலுலருந்து ஆறு வாரம், டெஸ்ட் மூணுலருந்து அஞ்சு வாரம். ஆக எலி கையில வந்ததுலருந்து மூணு மாசம், கொஞ்சம் கூடவே வச்சுக்கோங்க, ஏதாவது ஒரு லீவர் மோட்டார் நடுவுல கண்டிப்பா போகும், ஸ்பேர் ஒண்ணு முதல்லயே வாங்கி வைங்க.

தினமும் செஷன் முடிஞ்சதும் ஃபைலை ரெண்டு இடத்துல காப்பி எடுங்க, ஃபைல் பேர்லயே எலி எண், தேதி, பெட்டி எண் வரணும். ஒரு எலி எப்பவும் ஒரே பெட்டியில. கைடுக்கு வாராவாரம் ஒவ்வொரு எலியோட "குறைவு" சதவீதம், "அதிகம்" சதவீதம், எடை, இந்த மூணு கோட்டையும் ஒரே படத்துல அனுப்புங்க, எங்கயாவது சறுக்கினா அதுல முதல்ல தெரியும்.